தலையில் கட்டுப் போட்ட ஆள்

முதலிலேயே ஒரு டிஸ்கி. எனக்கு ஜோசியம் தெரியாது, நம்பிக்கையும் கிடையாது. சின்ன வயதில் தாராபுரம் பஸ் ஸ்டாண்ட் ஓரத்தில் ஒரு கிளி எடுத்துக் கொடுத்த சீட்டைத் தவிர வேறு எந்தச் சீட்டும் என் எதிர்காலத்தைச் சொன்னதில்லை. (அந்தக் கிளி நான் கலெக்டர் ஆவேன் என்றது. குர்கானில் எக்ஸெல் ஷீட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.) ஆகவே இது பலன் சொல்லும் பதிவு இல்லை. ஒரே ஒரு சீட்டின் வரலாறு. அது எப்படி என்னிடம் வந்தது என்பதை மட்டும் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

2023-ல் எங்கள் அலுவலகத்தில் ஆள்குறைப்பு நடந்தது. பதினொரு பேர் இருந்த எங்கள் டீமில் ஆறு பேர் மிஞ்சினோம். ஆட்கள்தான் போனார்கள், வேலை போகவில்லை. அது அப்படியே எங்கள் மேசைக்கு வந்து சேர்ந்தது. இரண்டு மாதம் கழித்து ‘வெல்னெஸ் டே’ என்று ஒன்று வைத்தார்கள். குடும்பத்தோடு வரலாம். மேடையில் ஒருவர் ‘ரெஸிலியன்ஸ்’ பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினார். ரப்பர் பந்தை அமுக்கிக் காட்டி, விட்டதும் அது பழையபடி ஆவதைக் காட்டி, நாமும் அப்படி இருக்க வேண்டும் என்றார். வெளியே கோல்கப்பா கடை, மெஹந்திக் கடை, மூன்றாவதாக ஒரு டாரட் கடை.

“ஏனுங்க, சும்மாதானே, ஒண்ணு எடுத்துப் பாருங்க” என்றாள் மனைவி. எடுத்தேன். டாரட் பார்க்கிற அம்மாள் சீட்டைத் திருப்பிப் பார்த்து முகம் மலர்ந்தார். ‘நைன் ஆஃப் வாண்ட்ஸ்’. தடி ஒன்பது. ரொம்ப நல்ல சீட்டாம். ரெஸிலியன்ஸுக்கான சீட்டே இதுதானாம். எத்தனை அடி விழுந்தாலும் நீங்கள் விழ மாட்டீர்கள், இன்னும் கொஞ்சம் தாங்கிவிட்டால் போதும் என்று இந்தியில் சொன்னார். எனக்கும் கொஞ்சம் நெஞ்சு நிமிர்ந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்.

மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் சீட்டைக் கையில் வாங்கி உற்றுப் பார்த்தாள். “அப்பா, இவருக்குத் தலையில அடிபட்டு கட்டுப் போட்டிருக்கு. இவரு லீவு போடலையா?”

எல்லோரும் சிரித்தோம். ராத்திரி படுக்கும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வாரத்திலிருந்துதான் இந்தச் சீட்டைப் பற்றித் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.



முதலில் படத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு ஆள் நிற்கிறான். தலையில் வெள்ளைக் கட்டு. ஒரு நீளமான தடியைக் கையால் அணைத்துப் பிடித்து, அதன்மேல் கொஞ்சம் சாய்ந்தாற்போல் நிற்கிறான். கண் மட்டும் ஓரமாகப் போகிறது, யாரோ வரப்போகிறார்கள் என்பது போல. அவனுக்குப் பின்னால் எட்டுத் தடிகள் வேலி மாதிரி நட்டுக்கு நிற்கின்றன. எல்லாத் தடிகளிலும் சின்னச் சின்னப் பச்சை இலைகள் துளிர்த்திருக்கின்றன. அவ்வளவுதான் படம். எதிரியும் இல்லை, ரத்தமும் இல்லை. அந்த ஆள் ஜெயித்தானா தோற்றானா என்பதும் தெரியாது.

இன்றைக்கு உலகம் முழுக்க இந்தச் சீட்டுக்குச் சொல்லும் பொருள் தாக்குப்பிடித்தல். எனக்கு வந்த கேள்வி இதுதான்: இந்தப் பொருளை யார் கொடுத்தார்கள்? எப்போது கொடுத்தார்கள்?

டாரட் என்றதும் எகிப்து, பிரமிடு, பழங்கால ரகசியம் என்றெல்லாம் கதை சொல்வார்கள். அத்தனையும் கட்டுக்கதை. உண்மைக் கதை அதைவிட நன்றாக இருக்கிறது.

சீட்டுக்கட்டு ஐரோப்பாவுக்கு வந்தது 14-ம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில். 1377-ல் ஃப்ளாரன்ஸ் நகரத்தில் அதற்குத் தடை போட்டிருக்கிறார்கள். தடை போடும் அளவுக்கு ஜனங்கள் ஆடியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்தச் சீட்டு வந்தது இஸ்லாமிய உலகத்திலிருந்து. எகிப்தை ஆண்ட மம்லூக் சுல்தான்கள் காலத்துக் கட்டு ஒன்று இஸ்தான்புல் டோப்காபி அரண்மனையில் இருக்கிறது. அதில் நான்கு இனங்கள்: கோப்பை, நாணயம், வாள், போலோ மட்டை. ஆமாம், குதிரைமேல் உட்கார்ந்து பந்தடிக்கும் போலோதான்.

இத்தாலிக்காரர்கள் போலோவைப் பார்த்ததே இல்லை. கோப்பை தெரிந்தது, நாணயம் தெரிந்தது, வாள் தெரிந்தது. நாலாவது என்ன என்று புரியவில்லை. நீளமாக ஏதோ கம்பு மாதிரி இருந்ததா, சரி, தடி என்று வைத்துவிட்டார்கள். இத்தாலியில் அது அலங்காரக் கோலாக மாறியது. ஸ்பெயினில் மரத்திலிருந்து வெட்டி எடுத்த முரட்டுத் தடியாக மாறியது. ஆக நம்முடைய தடி ஒன்பதின் பிறப்பே ஒரு தப்பான புரிதல்தான். ஊர் விட்டு ஊர் போன ஒரு மட்டை, போன இடத்தில் அதைத் தெரிந்தவர் யாரும் இல்லாததால், தடியாகப் பிழைத்துக்கொண்டது. வெளியூரில் நம் பெயர் படும் பாட்டை நினைத்துக்கொண்டேன். :-)

இங்கே இரண்டு குட்டித் தகவல்கள். மம்லூக் கட்டில் ராஜாவுக்கு அடுத்த சீட்டின் பெயர் ‘நாயிப்’, அதாவது துணை, பிரதிநிதி. சீட்டாட்டத்துக்கு இத்தாலியர் வைத்த பழைய பெயர் ‘நாயிபி’ இந்தச் சொல்லிலிருந்து வந்தது. இதே நாயிப் என்ற சொல்லின் பன்மையிலிருந்து வந்ததுதான் நம்முடைய ‘நவாப்’. ஹரியானாவில் எந்தச் சான்றிதழுக்காவது அலைந்தவர்கள் ‘நாயப் தாசில்தார்’ என்ற பலகையைப் பார்த்திருப்பீர்கள். அதே நாயிப்தான்.

இன்னொன்று, வீட்டில் நாம் ஆடும் சீட்டில் இருக்கிற ‘கிளாவர்’. படத்தில் இருப்பது மூன்று இதழ் இலை. பிரெஞ்சுக்காரர்கள் எளிதாக அச்சடிக்க உருவாக்கிய வடிவம் அது. ஆனால் ஆங்கிலத்தில் அதற்குப் பெயர் ‘கிளப்’. கிளப் என்றால் தடி. இலையைப் பார்த்துத் தடி என்று ஏன் சொல்ல வேண்டும்? ஸ்பெயின், இத்தாலிச் சீட்டின் தடி இனத்தின் பெயர் இங்கிலாந்தில் தங்கிவிட்டது, படம் மட்டும் பிரான்ஸிலிருந்து வந்தது. இஸ்பேட்டும் அப்படித்தான், அது உண்மையில் வாள். அடுத்த முறை பிளாட்பாரத்தில் ரயிலுக்குக் காத்திருந்து ரம்மி ஆடும்போது கிளாவர் ஒன்பது வந்தால், அது நம் கதாநாயகனின் ஒன்றுவிட்ட தம்பி என்று தெரிந்துகொள்ளுங்கள்.



இனி டாரட். 1440-களில் வட இத்தாலியில், பணக்காரக் குடும்பங்களின் பொழுதுபோக்குக்காக, சாதாரணச் சீட்டுக்கட்டோடு சில படச்சீட்டுகளைச் சேர்த்தார்கள். நான்கு இனத்தில் 56 சீட்டு, அதோடு 22 படச்சீட்டு, மொத்தம் 78. படச்சீட்டு மற்றதை வெட்டும், நம் துருப்புச் சீட்டு மாதிரி. முழுக்க முழுக்க ஆட்டம். ஜோசியம் மருந்துக்கும் கிடையாது. பிரான்ஸிலும் ஆஸ்திரியாவிலும் இன்றும் ஆட்டமாகவே ஆடுகிறார்கள். இதை ஆதாரத்தோடு எழுதி நிலைநாட்டியவர் ஆக்ஸ்ஃபோர்டு தத்துவப் பேராசிரியர் மைக்கேல் டம்மெட். அவருடைய புத்தகம் வந்தது 1980-ல்.

அந்த 22 படச்சீட்டுகளில் ஒன்று ‘வலிமை’. இது கிறிஸ்தவ மரபின் அறங்களில் ஒன்று. அதையும் பார்த்துவிடுவோம், ஏனென்றால் தடி ஒன்பதின் கதைக்கு அது தேவை. மிலானின் ஆட்சியாளர் பிரான்செஸ்கோ ஸ்ஃபோர்ஸா குடும்பத்துக்காக 15-ம் நூற்றாண்டில் தங்கத்தகடு ஒட்டி வரைந்த கட்டு ஒன்று இன்றும் இருக்கிறது. பாதி நியூயார்க்கில், மீதி இத்தாலியில். அதில் வலிமை என்றால் ஒரு ஆண். தடியை ஓங்கிச் சிங்கத்தை அடிக்கப் போகிறான். பின்னால் வந்த கட்டுகளில் அந்த ஆள் போய் ஒரு பெண் வந்துவிட்டாள். அவள் கையில் ஆயுதமே இல்லை, வெறுங்கையால் சிங்கத்தின் வாயைப் பிடித்திருக்கிறாள். அடிப்பது வலிமையா, பிடித்து நிற்பது வலிமையா என்று அப்போதே இரண்டு கட்சி இருந்திருக்கிறது பாருங்கள்.

சரி, தடி ஒன்பது? அந்தக் காலத்துக் கட்டுகளில் அதற்குக் கதையே இல்லை. ஒன்பது தடிகள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும், அவ்வளவுதான். மனிதன் இல்லை, கட்டு இல்லை, காயம் இல்லை. நம் கட்டில் கிளாவர் ஒன்பதுக்கு என்ன அர்த்தமோ அதேதான், எட்டைவிட ஒன்று அதிகம்.

அர்த்தம் ஏற்றும் வேலை ஆரம்பித்தது 1781-ல், பாரிஸில். கோர் தெ ஜெபலின் என்ற அறிஞர், இந்தச் சீட்டுகள் பழைய எகிப்தியப் பூசாரிகளின் ஞானப் புத்தகம் என்று எழுதினார். இதில் வேடிக்கை என்னவென்றால், எகிப்தியச் சித்திர எழுத்தை ஷாம்போலியோன் படித்துக் காட்டியது 1822-ல். எகிப்திய மொழியை ஒருவராலும் படிக்க முடியாத காலத்தில், 41 வருடம் முன்னதாகவே, அது எகிப்திய ஞானம் என்று சொல்லியாகிவிட்டது. ஆனால் பாரிஸ் ஜனங்களுக்குப் பிடித்துப்போயிற்று.

அதைப் பிடித்துக்கொண்டவர் ழான்-பாப்டிஸ்ட் அல்லியெட். தன் பெயரைத் தலைகீழாக்கி ‘எத்தேயா’ என்று வைத்துக்கொண்டார். 1785-ல் டாரட்டை வைத்துக் குறி சொல்வது எப்படி என்று புத்தகம் போட்டார். ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு சொல் ஒதுக்கினார், தலைகீழாக வந்தால் இன்னொரு சொல். தடி ஒன்பதுக்கு அவர் வழியில் கிடைத்த சொல் என்ன தெரியுமா? ‘தாமதம்’. தலைகீழாக வந்தால் ‘தடங்கல்’.

வீரமும் இல்லை, மன உறுதியும் இல்லை. வெறும் தாமதம். நம்ம ஊர் ரயில்வே அறிவிப்பு மாதிரி.



அடுத்த நூற்றாண்டில் கதை லண்டனுக்கு மாறுகிறது. 1888-ல் அங்கே ‘கோல்டன் டான்’ என்றொரு ரகசியச் சங்கம் தோன்றியது. கவிஞர் யேட்ஸ்கூட அதில் உறுப்பினர். அவர்கள் ராசி, கிரகம், எண், யூத மறைஞானம் எல்லாவற்றையும் டாரட்டோடு கோத்து ஒரு பெரிய அட்டவணை போட்டார்கள். அதில் தடி இனம் நெருப்புக்கு உரியது. தடி ஒன்பதுக்குத் தனுசு ராசியில் சந்திரன். பட்டப்பெயர் ‘பெரும் வலிமையின் அதிபதி’.

பாருங்கள், பாரிஸில் தாமதமாக இருந்தது லண்டனில் பெரும் வலிமை ஆகிவிட்டது. இரண்டுக்கும் ஸ்நானப் பிராப்தி கூடக் கிடையாது.

இந்த இரண்டையும் ஒன்றாக்கியவர் ஆர்தர் எட்வர்ட் வெயிட். அமெரிக்காவில் பிறந்து லண்டனில் வளர்ந்தவர், கோல்டன் டான் ஆள். 1909-ல் ரைடர் என்ற பதிப்பகம் மூலம் ஒரு புதிய டாரட் கட்டு கொண்டுவந்தார். பிறகு அதற்கு விளக்கப் புத்தகமும் எழுதினார். தடி ஒன்பது பற்றி அதில் அவர் சொல்வதன் சாரம் இது: எதிர்ப்புக்கு நடுவே இருக்கும் வலிமை, தாக்கினால் தைரியமாக எதிர்கொள்வான். கூடவே தாமதம், தள்ளிப்போதல். பழைய பாரிஸ் சொல்லையும் விடவில்லை, லண்டன் சொல்லையும் விடவில்லை.

எனக்கு இந்த இடம்தான் மொத்த வரலாற்றிலும் பிடித்தது. வலிமையும் தாமதமும் ஒரே சீட்டில். வலிமை இருந்தும் காரியம் உடனே முடியவில்லை. காத்திருக்க வேண்டும், காத்திருக்கும்போது அடியும் விழும். பின்னால் வந்தவர்கள் ‘ரெஸிலியன்ஸ்’ என்று பெயர் வைத்தது இந்தக் கலவைக்குத்தான்.

ஆனால் அந்தக் கட்டு? தலையில் இருக்கும் வெள்ளைக் கட்டு? அது எத்தேயா கொடுத்த சொல்லில் இல்லை. கோல்டன் டான் கொடுத்த பட்டத்திலும் இல்லை. அதைக் கொண்டுவந்து போட்டவர் வேறு ஒருவர்.



அவர் பெயர் பமீலா கோல்மன் ஸ்மித். 1878-ல் லண்டனில் அமெரிக்கப் பெற்றோருக்குப் பிறந்தவர். குழந்தைப் பருவம் மான்செஸ்டரில். பிறகு அப்பாவின் வேலை காரணமாக ஜமைக்கா. பதினைந்து வயதில் நியூயார்க் புரூக்ளினில் ஓவியக் கல்லூரி, பட்டம் வாங்காமலே வெளியேறினார். 1896-ல் அம்மா போனார், 1899-ல் அப்பாவும் போனார். இருபத்தோரு வயதில் சொந்த ஊர் என்று சொல்லிக்கொள்ள ஒரு ஊரும் இல்லை. அப்பாவின் மாற்றலோடு ஊர் ஊராகப் பள்ளி மாறிய பிள்ளைகளுக்கு இது புரியும்.

லண்டனில் நாடகக்காரர்கள் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். புகழ்பெற்ற நடிகை எலன் டெர்ரி அவருக்கு ‘பிக்ஸி’ என்று செல்லப்பெயர் வைத்தார். மேடை அலங்காரம், உடை வடிவமைப்பு, புத்தக ஓவியம், சொந்தமாக ஒரு சிறு பத்திரிகை என்று எல்லாம் செய்தார். ஜமைக்காவில் கேட்ட அனன்சி நாட்டுப்புறக் கதைகளை 1899-ல் புத்தகமாகப் போட்டார். 1907-ல் நியூயார்க்கில் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் தன் புகைப்படக் கலைக்கூடத்தில் முதன்முறையாகப் புகைப்படம் அல்லாத படைப்புகளை மாட்டினார். அவை பமீலாவுடைய ஓவியங்கள். பெயர் வந்தது. நிலையான வருமானம் வரவில்லை.

1909-ல் வெயிட் அவரிடம் டாரட் வேலையைக் கொடுத்தார். 78 சீட்டு, சில மாதங்களில். 22 படச்சீட்டுகளைப் பற்றி வெயிட் நிறையச் சொல்லியிருப்பார் என்றும், மீதி 56-ஐப் பெரும்பாலும் பமீலாவின் கற்பனைக்கே விட்டிருப்பார் என்றும் ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். வெறும் தடி, வெறும் கோப்பை என்று இருந்த எண் சீட்டுகளில் மனிதர்களை உலவவிட்டவர் அவர்தான். அதற்கு முன் அப்படிச் செய்த பழைய கட்டு ஒன்று உண்டு. 1491 வாக்கில் இத்தாலியில் செதுக்கி அச்சிட்ட ‘சோலா புஸ்கா’. அதன் புகைப்படங்கள் 1907-ல் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தன. இதயத்தை மூன்று வாள்கள் துளைக்கும் படம் இரண்டு கட்டிலும் அச்சாக இருக்கிறது. ஆகவே பமீலா அதைப் பார்த்திருக்கிறார் என்பதில் யாருக்கும் பெரிய சந்தேகம் இல்லை.

தடி ஒன்பதில் அவர் செய்ததைக் கவனியுங்கள். ‘பெரும் வலிமை’ என்று கொடுத்தால் சாதாரண ஓவியர் என்ன வரைவார்? தோள் விரிந்த ஒரு வீரன், காலடியில் எதிரி. மிலான் கட்டில் சிங்கத்தை அடிக்கும் ஆள் அப்படித்தான் இருக்கிறான். பமீலா அதை வரையவில்லை. ஏற்கனவே அடிவாங்கிய ஒருவனை வரைந்தார். காயத்தை மறைக்கவில்லை, கட்டுப் போட்டுக் காட்டினார். தடியை ஓங்கவிடவில்லை, அதன்மேல் சாயவிட்டார். கண்ணில் வீரத்தைவிடக் களைப்பும் ஜாக்கிரதையும்தான் அதிகம். மேடையைத் தெரிந்தவர் அல்லவா, உடம்பு நிற்கும் விதத்திலேயே கதையைச் சொல்லிவிட்டார்.

வேலை முடிந்ததும், 1909 நவம்பரில், ஸ்டீக்லிட்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். பெரிய வேலை ஒன்றை ரொம்பச் சொற்பக் காசுக்கு முடித்துக் கொடுத்திருக்கிறேன் என்று அதில் இருக்கிறது. அந்தக் கடிதம் இன்றும் டாரட் வரலாறு எழுதும் எல்லோர் கண்ணிலும் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

கட்டுக்கு ‘ரைடர்-வெயிட்’ என்று பெயர் நிலைத்தது. ரைடர் பதிப்பகத்தார், வெயிட் எழுதியவர். வரைந்தவர் பெயர் அதில் இல்லை. ஒவ்வொரு சீட்டின் மூலையிலும் தன் பெயரின் மூன்று முதல் எழுத்துகளைப் பாம்பு மாதிரிப் பின்னி ஒரு முத்திரை போட்டிருக்கிறார், அது மட்டும்தான் அவருடையது. 1911-ல் கத்தோலிக்க மதத்தில் சேர்ந்தார். முதல் உலகப்போருக்குப் பிறகு கிடைத்த ஒரு வாரிசுச் சொத்தை வைத்து இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியான கார்ன்வாலுக்குப் போய், பாதிரியார்களுக்கான விடுமுறை இல்லம் நடத்தினார். அதுவும் பெரிதாக ஓடவில்லை. 1951-ல் கார்ன்வாலில் பியூட் என்ற கடலோர ஊரில் இறந்தார். பாக்கி இருந்த கடனுக்காக அவருடைய சாமான்களை ஏலம் விட்டார்கள். அவர் கல்லறைக்கு அடையாளக் கல் கிடையாது.

அவர் இறந்து இருபது வருடத்துக்குள் அமெரிக்காவில் அந்தக் கட்டு மறுபதிப்பாகி, உலகத்திலேயே அதிகம் பேர் கையில் புழங்கும் டாரட் ஆனது. 1960-ல் ஈடன் கிரே, 1980-ல் ரேச்சல் பொல்லாக் போன்றவர்கள் எழுதிய புத்தகங்கள் டாரட்டைக் குறி சொல்லும் கருவியிலிருந்து மனதைப் பார்க்கும் கண்ணாடியாகத் திருப்பின. ‘தாமதம்’ ஒதுங்கியது, ‘விடாமுயற்சி’, ‘தாக்குப்பிடித்தல்’ முன்னால் வந்தன. 2009-ல், நூறாவது ஆண்டுப் பதிப்பில்தான் கட்டின் பெயரிலேயே ஸ்மித் முன்னால் வந்தார், ‘ஸ்மித்-வெயிட்’ என்று. நூறு வருடத் தாமதம்!



இவ்வளவையும் படித்து முடித்தபின் அந்த ரப்பர் பந்து ஞாபகம் வந்தது. ரெஸிலியன்ஸ் என்ற சொல்லின் லத்தீன் வேர் ‘துள்ளித் திரும்புவது’. அமுக்கினால் பழையபடி ஆகிவிடும் பந்து அதற்குச் சரியான உதாரணம்தான். பந்துக்குக் காயம் கிடையாது. எத்தனை தடவை அமுக்கினாலும் எதையும் ஞாபகம் வைத்திருக்காது. அமுக்குகிறவருக்கு ரொம்ப சௌகரியம்.

பமீலாவின் ஆள் பந்து இல்லை. அவன் பழையபடி ஆகவில்லை, ஆனதாக நடிக்கவும் இல்லை. நம்முடைய ‘தாக்குப்பிடித்தல்’ என்ற சொல் அவனுக்கு இன்னும் நன்றாகப் பொருந்துகிறது. அதில் தாக்கும் இருக்கிறது, பிடியும் இருக்கிறது. தாக்கை மறைத்துவிட்டுப் பிடியை மட்டும் பாராட்டுவது ஏமாற்று. நாங்கள் ஆறு பேரும் அதைத்தான் மூன்று மாதமாகப் பாராட்டு என்று நம்பி வாங்கிக்கொண்டிருந்தோம்.

இன்னொரு விஷயம் அந்த எட்டுத் தடிகள். எல்லா உரைகாரர்களும் அதை அரண், மதில் என்று போருக்குரியதாகவே படிக்கிறார்கள். வெயிட்டே அப்படித்தான் சொல்கிறார். எனக்கு அது எங்கள் ஊர் கொரங்காடாகத் தெரிகிறது. தாராபுரம், காங்கயம் பக்கத்தில் மேய்ச்சல் நிலத்தைச் சுற்றிக் கிளுவைப் போத்து வெட்டி வரிசையாக நட்டுவைப்பார்கள். வெட்டும்போது அது வெறும் குச்சி. மழை கண்டதும் துளிர்த்து உயிர்வேலி ஆகிவிடும். பமீலாவுக்குக் கிளுவை தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் அவர் வரைந்த ஒவ்வொரு தடியிலும் இலை இருக்கிறது. வெட்டுப்பட்ட கம்பு துளிர்க்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதோடு, எந்த விவசாயியும் வேலிக்கு ஒரே ஒரு போத்தை நட மாட்டான். ஒன்று மட்டும் நின்றால் ஆட்டுக்குட்டிகூடத் தாண்டிப் போகும். அந்த ஆள் நிற்பது தனியாகத்தான், ஆனால் அவன் பின்னால் எட்டு நிற்கிறது.

பலன் சொல்ல மாட்டேன் என்று சொல்லிவிட்டு ஏதோ சொல்கிற மாதிரி இருக்கிறதே என்றால், இருக்கட்டும். சீட்டு என் எதிர்காலத்தை ஒன்றும் சொல்லவில்லை. 1909-ல் ஒரு பெண் குறைந்த கூலிக்கு வேலை செய்துகொண்டே வலிமை என்றால் என்னவென்று வரைந்து வைத்ததை, 2023-ல் ஒரு குழந்தை ஒரே பார்வையில் சரியாகப் படித்துவிட்டது. நடுவில் இருந்த நாங்கள்தான் கட்டைக் கவனிக்கவில்லை.

அடுத்த வாரம் நாங்கள் ஆறு பேரும் சேர்ந்து மேலாளரிடம் போனோம். யார் எத்தனை மணி நேரம் வேலை செய்கிறோம் என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோனோம். பெரிய புரட்சியெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு ரிப்போர்ட்டை நிறுத்தினார்கள், ஒரு ஆளைக் கொடுத்தார்கள். அதுவும் நாலு மாதம் கழித்து. (தாமதம். எத்தேயா சும்மா சொல்லவில்லை.) நான் எட்டு மாதமாகத் தள்ளிப்போட்ட முதுகுவலிக்கு டாக்டரைப் பார்த்து, ஒரு வாரம் லீவு போட்டு வீட்டில் படுத்தேன்.

லீவில் இருந்தபோது மகள் ஸ்கெட்ச் பேனாவை எடுத்துக்கொண்டு ஒரு படம் வரைந்தாள். தலையில் கட்டு, கையில் தடி, பின்னால் வேலி. ஒரே ஒரு மாற்றம் செய்திருந்தாள். அந்த ஆளுக்கு உட்கார ஒரு நாற்காலி போட்டிருந்தாள்.